கார்டு மாற்றுவது பழுதுநீக்கம் ஆகாது

குமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் ஒவ்வொரு காற்றாலையும் ஒரு தானியங்கி எந்திரம். காற்றின் திசையை அளந்து தலையைத் திருப்பிக்கொள்கிறது. வேகத்தை அளந்து மின்தொடரோடு இணைகிறது. எண்ணெய்ச் சூடு ஏறினாலும் அதிர்வு கூடினாலும் மின்னழுத்தம் சரிந்தாலும் தானாக நின்றுவிடுகிறது. இந்த முடிவுகளையெல்லாம் எடுப்பது கோபுரத்தின் அடியிலோ மேலே தலைப்பகுதியான நாசெல்லிலோ இருக்கும் கன்ட்ரோலர். கார்த் தொழிற்சாலையில் வெல்டிங் செய்யும் ரோபோவின் கன்ட்ரோலருக்கும் இதற்கும் அடிப்படை அமைப்பில் அதிக வேறுபாடு கிடையாது. இரண்டிலும் உணரிகள் உண்டு, அவற்றைப் படிக்கும் கார்டு உண்டு, மோட்டாரை இயக்கும் டிரைவும் நிலையைத் திருப்பிச் சொல்லும் என்கோடரும் பிரேக்கும் உண்டு, இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு பாதுகாப்புச் சங்கிலி உண்டு. இவ்விரு வகை எந்திரங்களின் பராமரிப்பையும் இன்று ஒரே கருத்துதான் ஆள்கிறது. கன்ட்ரோலர் தன் பழுதைத் தானே அறிந்து எண்ணாகக் காட்டிவிடும். அந்த எண்ணுக்கு உரிய கார்டையோ உணரியையோ மாற்றினால் வேலை முடிந்தது. களத்தில் நிற்பவருக்கு ரீசெட் அழுத்தத் தெரிந்தால் போதும், மற்றதைத் தொலைக் கண்காணிப்பும் நிறுவனத்துப் பொறியாளரும் பார்த்துக்கொள்வார்கள் என்பது அந்தக் கருத்து. அது தவறான கருத்து. எந்திரத்துக்கும் கேடு, உரிமையாளருக்கும் நட்டம், கோபுரம் ஏறுகிறவரின் உயிருக்கும் ஆபத்து.

இந்தக் கருத்து எப்படி வேரூன்றியது என்பதற்கு இந்தக் கணவாயிலுள்ள முப்பந்தலின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. தமிழ்நாட்டில் செயல்விளக்கக் காற்றாலைகள் 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் டென்மார்க் அரசின் உதவியோடு எந்திரங்கள் எழுந்தன. 1990களின் தொடக்கத்தில், முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானக் கழிவு என்ற வரிச்சலுகையைப் பார்த்துத் தனியார் முதலீடு பெருகியது. வாங்கியவர்களில் பலர் கொங்கு நாட்டு நூற்பாலைக்காரர்கள். எந்திரம் தோவாளைத் தாலுகாவில் நிற்கும். உரிமையாளர் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். அவருக்கு எந்திரத்தைப் பற்றிக் கிடைத்த ஒரே செய்தி தொலைபேசியில் வந்த எண். இன்ன எண் வந்து நின்றது, ரீசெட் செய்தோம், ஓடுகிறது என்பதோடு பேச்சு முடியும். எண்ணே அறிவு என்ற நம்பிக்கை அந்தத் தொலைவில் பிறந்தது. செண்பகராமன்புதூரிலிருந்தும் பூதப்பாண்டியிலிருந்தும் ஐடிஐ, டிப்ளமோ முடித்து வந்து கோபுரத்தின் மேல் ஏறி வேலை கற்றவர்களின் அறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அது கணக்கில் வராததால், இல்லவே இல்லை என்று முடிவுகட்டப்பட்டது.

கன்ட்ரோலர் உலகத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒரு டெர்மினலில் எத்தனை வோல்ட், எத்தனை ஓம், நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்த மதிப்பு நிரலில் எழுதிவைத்த எல்லையைத் தாண்டும்போது, எல்லைக்கு இட்ட பெயரைத் திரையில் காட்டும். எல்லை மீறப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஏன் மீறப்பட்டது என்பது அந்த எண்ணுக்குள் கிடையாது.

கியர்பாக்ஸ் எண்ணெய்ச் சூடு அதிகம் என்ற எண்ணை எடுத்துக்கொள்ளலாம். முப்பந்தலில் காற்றுக் காலத்தில் எல்லோரும் பார்த்த எண் இது. சூட்டை அளக்கும் பிடி-100 உணரி 0 டிகிரியில் 100 ஓம் தடை காட்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.385 ஓம் கூடும். இரண்டு கம்பியில் இணைத்த உணரியின் டெர்மினலில் உப்புக்காற்றால் பச்சை பூத்து 4 ஓம் தடை சேர்ந்தால், எண்ணெய் சூடாகாமலே 10 டிகிரி கூடுதலாகத் தெரியும். மூன்று கம்பி இணைப்பு, கம்பியின் தடையைக் கழித்துவிடும்தான். ஆனால் மூன்றும் ஒரே அளவு தடை உள்ளவை என்று நம்பித்தான் அது கழிக்கிறது. ஒன்றில் மட்டும் துரு பிடித்தால் கணக்குப் பொய்க்கும்; எந்தக் கம்பி என்பதைப் பொறுத்து, சூடு உண்மையைவிடக் குறைவாகவும் தெரியலாம். அப்போது எண்ணெய் கொதித்தாலும் கன்ட்ரோலர் வாய் திறக்காது. இது ஒரு காரணம். எண்ணெய்க் குளிர்விப்பானில் பூச்சியும் செம்மண் தூசியும் அடைத்திருக்கலாம். கேபிளை மாற்றிக் கட்டியபோது இரண்டு ஃபேஸ் இடம் மாறி, மின்விசிறி தலைகீழாகச் சுற்றலாம். எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கலாம். பேரிங் உண்மையிலேயே தேய்ந்து சூடேறியிருக்கலாம். திரையில் வருவது அதே ஒற்றை எண். அதைப் பார்த்து உணரியை மாற்றுகிறவர் ஐந்தில் ஒன்றைத்தான் தொடுகிறார். பேரிங்தான் காரணம் என்றால், அடுத்த சில வாரங்களில் கியர்பாக்ஸையே இறக்கக் கிரேன் வரவேண்டியிருக்கும்.

மின்தொடர் சார்ந்த எண்கள் இதைவிடத் தடுமாற வைப்பவை. கணவாயில் முதலில் வந்த 200, 250 கிலோவாட் எந்திரங்கள் பெரும்பாலும் தூண்டல் ஜெனரேட்டர் கொண்டவை. தொடரின் அழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் அப்படியே ஏற்று ஓடுவது அவற்றின் இயல்பு. 1990களில் தென்மண்டல மின்தொகுப்பின் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடிக்கடி இறங்கியது. 2003 ஜனவரியில் கிடைப்புநிலை அடிப்படையிலான மின்கட்டண முறை (ஏபிடி) தென்மண்டலத்துக்கு வந்தபின் நிலைமை சீராகத் தொடங்கியது. 2013 டிசம்பர் 31இல் தென்மண்டலம் தேசியத் தொகுப்போடு ஒத்தியங்கத் தொடங்கியது. அந்தப் பழைய ஆண்டுகளில் எந்திரம் நின்றால் குற்றம் ஜெனரேட்டரிலா, கன்ட்ரோலரிலா, வெளியே கம்பத்திலா என்று பிரித்தறிவதே பாதி வேலை. அதிர்வெண் சீரான பிறகும் மின்னழுத்தச் சமனின்மை போய்விடவில்லை. மூன்று ஃபேஸ்களில் அழுத்தம் 2 சதவீதம் ஏறுமாறானால், தூண்டல் எந்திரத்தில் மின்னோட்டம் 12 முதல் 20 சதவீதம் வரை ஏறுமாறாகும். கன்ட்ரோலர் மின்னோட்டச் சமனின்மை என்ற எண்ணைப் போட்டு நிறுத்தும். எண்ணை நம்புகிறவர் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவார், பிறகு அளவீட்டுக் கார்டை மாற்றுவார், பிறகு ஜெனரேட்டரின் காயிலைச் சந்தேகிப்பார். குற்றமோ உயரழுத்தக் கம்பத்தில் தளர்ந்த ஒரு ஜம்பர் கம்பியில் இருக்கும். மூன்று ஃபேஸின் அழுத்தத்தையும் முதலிலேயே மீட்டரால் அளந்து குறித்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

நாஞ்சில் நாட்டு உழவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் கடைமடையைத் தோண்டிக்கொண்டிருக்க மாட்டார். தோவாளைச் சானலில் மேலே எங்கே அடைத்தது என்று வரப்போடு நடப்பார். எண் காட்டும் இடமும் பழுது தொடங்கிய இடமும் ஒன்றாக இருப்பது சில வேளைகளில்தான். அதிலும் ஒரு பழுது நொடிக்குள் பத்து எண்களை எழுப்பிவிடும். 24 வோல்ட் விநியோகம் கண நேரம் சரிந்தால், தகவல்தொடர்புப் பிழை, பிட்ச் (இறகுக்கோணம்) பிழை, என்கோடர் பிழை, பிரேக் பிழை என்று வரிசையாக வரும். திரையில் நிலைத்து நிற்பது கடைசியாக வந்த எண். தேட வேண்டியது முதலில் வந்ததை. நிகழ்வுப் பதிவைக் கால வரிசையில், நொடியின் பின்னம் வரை பார்த்து, முதல் வரியைப் பிடிப்பதில்தான் பழுதுநீக்கம் தொடங்குகிறது. கன்ட்ரோலர் அந்தப் பதிவைத் தருகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், படிக்க அனுமதியும் வேண்டும்.

கார்டு மாற்றினால் சரியாகிறதே என்பது இந்தக் கருத்துக்காரர்களின் வலுவான வாதம். அது மேலோட்டமாக உண்மை. கார்டைக் கழற்றிப் புதியதைச் செருகும்போது கூடவே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கனெக்டர் முனைகள் உரசிச் சுத்தமாகின்றன. தளர்ந்த திருகு இறுகுகிறது. மின்சாரம் அணைந்து மறுபடி வருகிறது. பழுது கனெக்டரில் இருந்திருந்தால், பழைய கார்டையே எடுத்து மறுபடி செருகியிருந்தாலும் எந்திரம் ஓடியிருக்கும். சில வாரங்களில் உப்பும் ஈரமும் மீண்டும் சேரும், அதே எண் மீண்டும் வரும், இந்தப் புதிய கார்டும் சரியில்லை என்ற முடிவுக்கு வருவார்கள். விமானப் பராமரிப்புத் துறை இதை வெகுகாலமாக அறியும். பழுதென்று கழற்றி அனுப்பிய கருவிகளில் ஒரு பகுதி, சோதனைச் சாலையில் எந்தக் குறையும் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வருவதை அங்கே தனி இனமாகவே பதிகிறார்கள். முப்பந்தலில் கழற்றிய கார்டு எங்கே போனது, சோதித்தபோது என்ன தெரிந்தது என்று திரும்பி வந்து சொல்லும் வழக்கமே இல்லை. தவறான முடிவு தவறென்று தெரியவராத இடத்தில் அனுபவம் எத்தனை ஆண்டு நீண்டாலும் அறிவாக மாறாது.

பவர் சப்ளை இதற்கு நல்ல சான்று. அதன் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களுக்குள் இருக்கும் திரவம் மெல்ல உலர்கிறது. சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுவியலில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று மதிப்பிட்ட கெபாசிட்டர், 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். அதாவது நான்காண்டுக்கும் குறைவு. சித்திரை வெயிலில் மூடிய பேனலுக்குள், பவர் சப்ளையின் உள்ளே அந்தச் சூடு அரிதன்று. உலர்ந்த கெபாசிட்டர் உடனே சாவதில்லை. 24 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் அலையாட்டம் கூடுகிறது. பெரிய ரிலே ஒன்று இழுக்கும்போதெல்லாம் கணினிக் கார்டு தடுமாறி மறுபடி தொடங்குகிறது. வருகிற எண்கள் எல்லாம் கணினிக் கார்டைக் குற்றம் சாட்டும். மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட அளவில் வைத்தால் 24 என்றே காட்டும், அதனால் பவர் சப்ளை நிரபராதி ஆகிவிடும். மாறுமின்னோட்ட அளவில் வைத்து அலையாட்டத்தை அளப்பவருக்குத்தான் உண்மை தெரியும். சில நூறு ரூபாய் கெபாசிட்டருக்காக, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கார்டுகள் மாற்றப்படுகின்றன.

ரோபோக்களில் இதே கதை வேறு பெயர்களோடு நடக்கிறது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ரோபோ வரிசைகளைப் பராமரிப்பவர்களில் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளும் உண்டு, ஆகவே இது இந்த மாவட்டத்துக்கு அயலான செய்தி ஆகாது. ஃபனுக் நிறுவனத்து ரோபோக்களின் ஒவ்வொரு அச்சிலும் உள்ள பல்ஸ்கோடர், மின்சாரம் அணைந்த பிறகும் பேட்டரியின் உதவியால் தன் நிலையை நினைவில் வைத்திருக்கும். பேட்டரி தளரும்போது எஸ்ஆர்விஓ-065 என்ற எச்சரிக்கை வருகிறது. ரோபோ ஓடிக்கொண்டிருப்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பொங்கல் விடுமுறைக்கு வரிசையை அணைத்துவிட்டு வந்து மறுபடி போட்டால் எஸ்ஆர்விஓ-062 வந்து நிற்கும். அந்த எண் பல்ஸ்கோடரைப் பெயர் சொல்லிக் காட்டுவதால், மோட்டாரோடு சேர்த்து அதை மாற்றியே தீரவேண்டும் என்று தோன்றும். தேவைப்பட்டது புதிய பேட்டரியும், பல்ஸ்கோடர் ரீசெட்டும், பிறகு அச்சுக் குறிகளைச் சேர்த்துச் செய்யும் மாஸ்டரிங்கும் மட்டுமே. பேட்டரியை ஆண்டுக்கொருமுறை, கன்ட்ரோலரில் மின்சாரம் இருக்கும்போதே மாற்றியிருந்தால் இதுவும் தேவைப்பட்டிராது. மாஸ்டரிங்கை அவசரத்தில் செய்தால் அடுத்த துன்பம் தொடங்கும். அடிஅச்சில் ஒரு டிகிரி பிசகினால், 2 மீட்டர் நீட்டிய கையின் நுனி 35 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். மோதல் கண்டறியப்பட்டது என்று சொல்லும் எஸ்ஆர்விஓ-050 எண்ணும் இப்படித்தான். எதன் மீதும் மோதாமலே அது வரும். பிடிப்பானின் எடையைத் தவறாகப் பதிந்திருக்கலாம், பிரேக் முழுதாக விடாமல் இழுக்கலாம், மூட்டுக்குள் கிரீஸ் இறுகியிருக்கலாம். எந்த அச்சு, எந்த நிலையில், எந்த நிரல் வரியில் நின்றது என்று குறித்து வைப்பவர் காரணத்தை நெருங்குவார். எண்ணை மட்டும் குறிப்பவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

இதுவரை சொன்னவை எண் காட்டும் பழுதுகள். எண்ணே காட்டாத பழுதுகள் இவற்றைவிடக் கொடியவை. நடப்புக் கருத்துக்கு அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. நாசெல்லின் மேலிருக்கும் காற்றுத்திசைகாட்டியின் ஒரு போல்ட் தளர்ந்து 15 டிகிரி திரும்பிவிட்டது என்று கொள்வோம். கன்ட்ரோலர் அந்தத் திசைகாட்டியையே நம்பித் தலையைத் திருப்புகிறது. அதன் பார்வையில் எல்லாம் சரி. எந்திரமோ காற்றுக்குப் பக்கவாட்டில் நின்று, முழுத் திறனுக்குக் கீழான காற்றில் 7 முதல் 10 சதவீதம் மின்சாரத்தை ஆண்டுக்கணக்கில் இழந்துகொண்டிருக்கும். இறகுகளில் ஏறும் பாரமும் ஏறுமாறாகும். காற்றுவேகமானியின் பேரிங்கில் தூசி புகுந்து 10 சதவீதம் குறைவாகக் காட்டினால், நொடிக்கு 25 மீட்டரில் நிற்க வேண்டிய எந்திரம் கிட்டத்தட்ட 28 மீட்டர் வரை நிற்காது. காற்றின் விசை வேகத்தின் இருமடியில் ஏறுவதால், வடிவமைத்ததைவிடச் சுமார் 23 சதவீதம் கூடுதல் விசையை எந்திரம் தாங்க வேண்டியிருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. இதைக் கண்டுபிடிப்பவர், பக்கத்து எந்திரம் 200 கிலோவாட் காட்டும்போது இது ஏன் 180 காட்டுகிறது என்று கேட்கிறவர். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, எல்லாத் தலைகளும் ஒரு பக்கம் பார்க்க ஒன்று மட்டும் சற்று விலகி நிற்பதைக் கவனிப்பவர். அந்தக் கவனிப்பைச் செய்யும்படி எந்தக் கன்ட்ரோலரும் யாரையும் தூண்டுவதில்லை.

ஓடுகிற மெஷினை நோண்டாதே என்ற அறிவுரை இதோடு ஒட்டிப் பிறந்தது. காரணமில்லாமல் பேனலைத் திறந்து கம்பியை அசைப்பது கெடுதல் என்ற அளவில் அது சரி. ஆனால் கணவாயின் பருவத்துக்கு அது ஒவ்வாது. இங்கே தென்மேற்குக் காற்று வைகாசியில் எழுந்து ஆனி, ஆடி, ஆவணி வரை வீசும். ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் வருகிறது. குமரி மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஐப்பசி இடிமழையில் மின்னல் அலைகள் சர்ஜ் அரெஸ்டர்களைத் தின்றுவிட்டுப் போகும். குறைந்த காற்றில் எந்திரம் சும்மா நிற்கும் நாட்களில் காயில்களில் ஈரம் படியும், பேனலுக்குள் குளவி கூடு கட்டும், பல்லி கன்டாக்டருக்குள் நுழையும். ஓடத் தொடங்கியபின் தெரிந்துகொள்ளலாம் என்று விட்டால், தெரிவது ஆடிக்காற்றில்தான் தெரியும். டெர்மினல்களை இறுக்குவது, மெக்கரால் காப்புத்தடையை அளந்து போன ஆண்டு அளவோடு ஒப்பிடுவது, அரெஸ்டர்களைப் பார்ப்பது, திசைகாட்டியின் குறியைச் சரிபார்ப்பது எல்லாம் மாசி, பங்குனியில் முடிய வேண்டிய வேலைகள். டென்மார்க்கில் எழுதிய பராமரிப்பு நூல் பனிக்கட்டியைப் பற்றியும் குளிரில் இறுகும் எண்ணெயைப் பற்றியும் பேசும். இந்தக் கணவாயின் நாட்காட்டி அதில் இருக்க வழியில்லை.

தொலைக் கண்காணிப்பு வந்தபின் களத்து ஆள் எதற்கு என்ற கேள்வி இப்போது உரக்கக் கேட்கிறது. சென்னையிலோ புனேயிலோ ஓர் அறையில் உட்கார்ந்து ஆயிரம் எந்திரங்களைப் பார்க்க முடிகிறது என்பது பெரிய முன்னேற்றம். சூட்டின் போக்கையும் அதிர்வின் போக்கையும் மாதக்கணக்கில் வரைந்து காட்டி, பேரிங் தேய்வதை முன்பே சொல்லும் கருவிகளை வரவேற்க வேண்டும். அவையும் அதே உணரிகளைத்தான் நம்புகின்றன என்பதை மறக்கக் கூடாது. பச்சை பூத்த டெர்மினலின் வழியே வந்த பொய் எண்ணை எத்தனை கூர்மையான கணிப்பு நிரலுக்குக் கொடுத்தாலும் பொய்யான முடிவே வரும். கருகிய காப்பின் வாடை, தேய்ந்த பிரஷ்ஷின் கரித்தூள், தலையைத் திருப்பும் யா கியர் உறுமும் ஒலி, இவற்றுக்கு உணரி பொருத்துவது அரிது. இறகுகளைத் தாங்கும் ஹப்புக்குப் போகும் சிலிப் ரிங்கில் கரித்தூள் சேர்ந்தால் திரையில் வருவது பிட்ச் தகவல்தொடர்புப் பிழை; துடைக்க வேண்டியதோ சிலிப் ரிங்கை.

தொலைவிலிருந்து செய்யும் ரீசெட் இன்னும் மோசமான பழக்கத்தை வளர்த்துவிட்டது. நின்ற எந்திரத்தை ஒரு சொடுக்கில் ஓடவைக்கலாம். மூன்றாம் முறை நின்றால் மூன்றாம் சொடுக்கு. ஒவ்வொரு அவசர நிறுத்தத்திலும் பிரேக் பட்டை தேய்கிறது, கியர் பற்களில் அதிர்ச்சி ஏறுகிறது, ஒட்டத் தொடங்கிய கன்டாக்டர் இன்னும் கொஞ்சம் ஒட்டுகிறது. ஒரே எண் ஒரு நாளில் இரண்டாம் முறை வந்தால், காரணத்தை எழுதாமல் ரீசெட் செய்ய அனுமதிக்கக் கூடாது.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒப்பந்தமும் இருக்கிறது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் எந்திரம் ஆண்டில் 95 அல்லது 97 சதவீத நேரம் ஓடத் தயாராக இருக்கும் என்று உறுதி தருவது வழக்கம். 97 சதவீதம் என்றால் 263 மணி நேரம், சுமார் 11 நாள், நிற்கலாம். தை மாதத்தில் 11 நாள் நின்றால் இழப்பு சொற்பம். ஆடியில் 11 நாள் நின்றால், முழுத் திறனில் ஒரு நாளைக்கு 6,000 யூனிட் தரும் 250 கிலோவாட் எந்திரம் 66,000 யூனிட் வரை இழக்கக்கூடும். தாளில் இரண்டும் ஒன்றே. ரீசெட் செய்து சில மணி நேரம் ஓட்டினால் அந்த நேரமும் தயார்நிலைக் கணக்கில் ஏறிவிடும். நேரத்தை அளக்கும் ஒப்பந்தம் ரீசெட்டுக்குப் பரிசு கொடுக்கிறது. வந்திருக்க வேண்டிய மின்சாரத்தையும் உண்மையில் வந்ததையும் ஒப்பிடும் ஒப்பந்தம்தான் காரணம் தேடுகிறவருக்குச் சம்பளம் கொடுக்கும்.

பாதுகாப்பைக் காட்டிச் சொல்லும் எதிர்வாதம் ஒன்று உண்டு. அதற்கு மதிப்புக் கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். களத்து ஆளுக்குக் கன்ட்ரோலரைத் திறந்துவிட்டால் விபத்து நேரும், ஆகவே நிறுவனத்தார் தவிர யாரும் தொடக் கூடாது என்பது அந்த வாதம். ரோபோவால் நேர்ந்த முதல் மரணங்களைப் பார்த்தால் உண்மை வேறு திசையைக் காட்டுகிறது. 1979 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபிளாட் ராக் ஊரின் ஃபோர்டு வார்ப்பாலையில், தானியங்கிச் சேமிப்பு அமைப்பு உதிரிகளின் எண்ணிக்கையைத் தவறாகக் காட்டியதால், எடுத்துவர அடுக்கில் ஏறிய தொழிலாளியை எந்திரக்கை பின்னாலிருந்து மோதிக் கொன்றது. 1981இல் ஜப்பானின் அகாஷியில் கவாசாகி ஆலையில், பழுதான ரோபோவைப் பார்க்க வேலியைத் தாண்டிச் சென்ற தொழிலாளி, முழுதாக அணைக்கப்படாத எந்திரத்தால் இறந்தார். இரண்டும் பழுது வந்த நேரத்தில் நேர்ந்தவை. ரோபோ சீராக ஓடும்போது மனிதர் வேலிக்கு வெளியே இருக்கிறார். பழுதாகும்போது உள்ளே போகிறார். உள்ளே போகத்தான் போகிறார் என்பதால், என்ன செய்கிறோம் என்று அறிந்து போகவேண்டும். ஐஎஸ்ஓ 10218 தரநிலை, ரோபோவுக்கு அசைவுகளைக் கற்பிக்கும் முறையில் வேகத்தை நொடிக்கு 250 மில்லிமீட்டருக்குள் அடக்கச் சொல்வதும், பாதி அழுத்தினால் மட்டும் இயங்கி, விட்டாலும் இறுக்கினாலும் நிறுத்தும் பொத்தானைக் கட்டாயமாக்குவதும் இதை உணர்ந்துதான். காற்றாலையில் ரோட்டரைப் பூட்டுவது, மின்சாரத்தை அணைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வது, ஹைட்ராலிக் அக்யூமுலேட்டரின் அழுத்தத்தை இறக்குவது ஆகியவை அதே வகை. எண்ணை மட்டும் கற்றவர் அக்யூமுலேட்டரில் அழுத்தம் தேங்கி நிற்கும் என்பதை எங்கே கற்றிருப்பார்? அறியாமையை வைத்துப் பாதுகாப்பைக் கட்ட முடியாது.

புதிய எந்திரங்கள் மிகச் சிக்கலானவை, 2, 3 மெகாவாட் எந்திரத்தின் மென்பொருளைக் களத்தில் யாராலும் புரிந்துகொள்ள முடியாது என்பதிலும் பாதி உண்மை இருக்கிறது. மென்பொருளின் உள்ளே போகவேண்டிய தேவை அரிதாகத்தான் வரும். தேவைப்படுவது ஒழுங்கான முறை. பாதுகாப்புச் சங்கிலி திறந்துவிட்டது என்று எண் வந்தால், 16 தொடர்புகள் வரிசையாக உள்ள சங்கிலியை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தேவையில்லை. நடுவில் அளந்து, மின்னழுத்தம் வந்தால் பின்பாதியிலும் வராவிட்டால் முன்பாதியிலும் அதேபோல் நடுவில் அளந்துகொண்டே போனால், நான்கே அளவீட்டில் திறந்த இடம் கிடைக்கும். ஒரு டிரைவைச் சந்தேகித்தால், ஒத்த இன்னோர் அச்சின் டிரைவோடு இடம் மாற்றிப் பார்க்கலாம். பழுது கூடவே போனால் டிரைவ். அங்கேயே நின்றால் கேபிளோ மோட்டாரோ. நாசெல் மேற்கே பார்க்கும்போது மட்டும் வரும் பழுதுக்குத் தேட வேண்டியது, முறுக்கேறி எங்கோ உரசும் கேபிளை. இவற்றுக்கு வேண்டியவை மின்சுற்று வரைபடம், நிகழ்வுப் பதிவைப் பார்க்கும் அனுமதி, அளவுருக்களின் பேக்கப், ஒரு நல்ல மீட்டர், எழுதும் பழக்கம். இவற்றில் முதல் மூன்றையும் களத்து ஆளிடம் கொடுக்க மறுத்துவிட்டு, அவருக்கு ரீசெட் தவிர எதுவும் தெரியாது என்று சொல்வது அநீதி.

காலமும் இந்த மாற்றத்தைக் கேட்கிறது. 20 ஆண்டு முடித்த காற்றாலைகளை மாற்றியமைக்கவும் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் தமிழ்நாடு அரசு 2024இல் கொள்கை வகுத்தது. ஆயுள் நீட்டிக்கப்படும் எந்திரங்கள் பலவற்றில் இருப்பவை, செய்த நிறுவனமே கைவிட்டுவிட்ட அல்லது நிறுவனமே இல்லாமல் போய்விட்ட கன்ட்ரோலர்கள். அவற்றுக்கு மாற்றுக் கார்டு கடையில் கிடைக்காது; காரணத்தைக் கண்டுபிடித்துக் கெபாசிட்டரையும் ரிலேயையும் மாற்றத் தெரிந்தவர்தான் அவற்றை ஓட்ட முடியும். இன்னொரு பக்கம், டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களைத் தமிழ்நாடு அரசு மேம்படுத்தி, தொழில்துறை ரோபோவியல் படிப்பையும் சேர்த்திருக்கிறது. அந்த மாணவர்களுக்கு ரோபோவை ஓட்டவும் நிரல் எழுதவும் கற்பித்தால் பாதிதான் கற்பித்ததாகும். வேண்டுமென்றே பழுது வைத்த கன்ட்ரோலரை அவர்கள் முன் நிறுத்தி, மீட்டரும் வரைபடமும் கொடுத்து, எண் சொல்லாத காரணத்தைத் தேடச் செய்ய வேண்டும்; தேடிய வழியை எழுதச் செய்து, அந்தக் குறிப்புக்கும் மதிப்பெண் தர வேண்டும்.

முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் எந்திரம் வைத்திருப்பவர்கள் அடுத்த வைகாசிக்கு முன் செய்யக்கூடியது எளிது. மின்சுற்று வரைபடத்தைப் பேனலுக்குள் வையுங்கள். கன்ட்ரோலர் அளவுருக்களின் பேக்கப்பை எடுத்துக் களத்து அலுவலகத்தில் ஒரு படி வையுங்கள். ஒவ்வோர் எந்திரத்துக்கும் ஒரு பதிவேடு திறந்து, எண்ணின் பக்கத்தில் காரணம் என்ற கட்டத்தையும், கழற்றிய கார்டைச் சோதித்தபோது தெரிந்தது என்ற கட்டத்தையும் சேருங்கள். அந்தக் கட்டங்களை நிரப்பும் டெக்னீஷியனுக்கு, நிரப்பும் நேரத்தையும் வேலையாகக் கணக்கிட்டுக் கூலி கொடுங்கள்.